தரையைத் தோண்டத் தெரிவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகாராஷ்டிரத்தில் அகழ்ந்தெடுத்த பழைய வேளாண் ஊரான இனாம்காவ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அரண்மனையோ எழுத்தோ இல்லாத ஒரு சிற்றூரை 1968 முதல் 1983 வரை தோண்டியது எதற்கு? நான்கு குழி போட்டு மண்ணடுக்கைப் பார்த்தால் போதாதா? அடுத்த மாதம் முதன்முறையாக அகழாய்வுப் பயிற்சிக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கா., தஞ்சாவூர்

அன்புள்ள கா.,

ஊர் எந்தக் காலத்தது என்பது மட்டும்தான் கேள்வி என்றால் நான்கு குழிகூட அதிகம். ஆழமாகப் போட்ட ஒரே குழி, எந்தப் பானைக்கு மேல் எந்தப் பானை வருகிறது என்று காட்டிவிடும். ஆனால் அந்தக் குழிக்குள் அகப்படுவது தரையில் ஒரு துண்டும் அடுப்பில் பாதியும்தான். வீடு எவ்வளவு பெரிது, பக்கத்து வீடு எவ்வளவு தள்ளி இருந்தது, தானியம் எங்கே வைத்தார்கள் என்பதற்கெல்லாம் அகலமாகத் திறந்தாக வேண்டும். புனே டெக்கான் கல்லூரியின் தொல்லியலாளர் சங்காலியா 1950களிலேயே நர்மதைக் கரையில் நவ்தாடோலியில் இதைச் செய்தார். புனே மாவட்டத்தில் கோட் நதிக்கரையில் உள்ள இனாம்காவில் அவரும் சக தொல்லியலாளர்கள் அன்சாரியும் தவலிகரும் மாணவர்களை வைத்துக்கொண்டு வருடாவருடம் அதையே விரிவாகச் செய்தார்கள்.

130க்கும் மேற்பட்ட வீடுகள் கிடைத்தன. பொ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 1400 முதல் 1000 வரையிலான, முற்கால ஜோர்வே எனப்படும் செம்புக்காலப் பண்பாட்டுக் கட்டத்தில் தாழ்ந்த மண்சுவர் வைத்த நீள்சதுர வீடுகள். அதன்பின் 700 வரை சிறிய வட்டக் குடிசைகள். மழை குறைந்து வேளாண்மை நொடித்ததே காரணம் என்றார் தவலிகர். மழைக்கு அவர் கொடுத்த இடம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் அதை மறுத்து வாதாடவும் அவர்கள் வரைந்த வீட்டு வரைபடங்கள்தான் வேண்டும். ஐந்து அறை கொண்ட ஒரு வீட்டை ஊர்த்தலைவருடையது என்று சொன்னதும் அப்படித்தான். மற்ற வீடுகளும் தெரிந்ததால்தான் அது பெரிய வீடு என்று சொல்ல முடிந்தது.

இனி உங்கள் பயிற்சி. மண்வீட்டு ஊரில் பானையோட்டை எடுக்க யாருக்கும் தெரியும், தரையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கரணையின் விளிம்பால் படுக்கைவசமாகச் சீவுங்கள், முனையால் குத்தாதீர்கள். மிதிபட்டு இறுகிய தரை கரணையைத் தடுக்கும், மேலே கிடக்கும் மண் தனியாகப் பெயர்ந்து வரும். கம்பம் நட்ட குழிகள் காய்ந்த மண்ணில் கண்ணுக்குப் படாது. சீவிய பரப்பில் நீரைப் புகைபோலத் தெளித்து, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது பாருங்கள். கருத்த, பொலபொலப்பான வட்டம் தெரிந்தால் முழுதாகத் தோண்டிவிடக் கூடாது. பாதியை மட்டும் எடுத்து வெட்டுமுகத்தை வரைந்த பிறகே மறுபாதி. கம்பக்குழி பெரும்பாலும் நேராக இறங்கி அடியில் முடியும், எலிவளை வளைந்து சாய்ந்து போகும். முழுதாக அள்ளிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல வழியில்லை.

பயிற்சி மாணவர்கள் அதிகம் தவறுவது புதைகுழியில். இனாம்காவில் இறந்த குழந்தைகளை, வாயோடு வாய் பொருத்திய இரண்டு தாழிகளில் வைத்து வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்தார்கள். அந்தத் தாழி கிடப்பது பழைய அடுக்கில், அதைப் புதைத்தவர்களோ மேலே இருக்கும் தரையில் வாழ்ந்தவர்கள். குழியின் விளிம்பு எந்தத் தரையை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்று பார்க்காமல் ஆழத்தை மட்டும் அளந்து எழுதினால், சில நூற்றாண்டுகள் முந்தைய மக்களின் கணக்கில் அந்தக் குழந்தை சேர்ந்துவிடும். தக்காணக் கரிசலில் இன்னொரு தொல்லையும் உண்டு. கோடையில் அது ஆழமாக வெடிக்கும். மேலே கிடந்த மணியும் சிறு ஓடும் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கிவிடும். ஒற்றை மணியை நம்பிக் காலம் சொல்லாதீர்கள்.

அடுப்புச் சாம்பலையும் குப்பைக்குழி மண்ணையும் சல்லடையோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர் அளவு தனியே எடுத்து வாளித் தண்ணீரில் மெதுவாகக் கலக்கினால், கருகிய விதைகள் மிதக்கும். அரை மில்லிமீட்டருக்கும் நுண்ணிய வலையில் அவற்றை வடித்தெடுங்கள். களிமண் கட்டியாக இருந்தால் நன்றாக ஊறவிடுங்கள், கையால் நசுக்கினால் விதையும் போகும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் கரி வெடித்துத் தூளாகிவிடும். இனாம்கா மக்கள் வாற்கோதுமை பயிரிட்டார்கள் என்று நமக்குத் தெரிவது இப்படிக் கருகிய தானியத்தால்தான். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.

குறிப்பேட்டைக் குழியோரத்திலேயே எழுதி முடியுங்கள். மண்ணின் நிறத்தை மன்செல் அட்டையோடு (எண்ணிட்ட நிற மாதிரிகள் கொண்டது) ஒப்பிடும்போது எல்லா அடுக்கையும் ஈரமாக வைத்தே பாருங்கள். ஒரு நாள் ஈரத்தில், மறுநாள் காய்ந்ததில் என்று பதிந்தால் ஒரே அடுக்கு வரைபடத்தில் இரண்டாகிவிடும்.