அம்மாவுக்கு எருசலேம் டூர், அங்கே பதற்றம்: போகலாமா, ரத்து செய்யலாமா?

கேள்வி: எங்கள் ஆலயப் பங்கிலிருந்து பத்து நாள் புனித நாட்டுப் பயணம் ஏற்பாடாகியிருக்கிறது. ஜோர்டானின் அம்மானில் இறங்கி, பஸ்ஸில் இஸ்ரேல், அப்புறம் தாபா எல்லை வழியாக எகிப்து, கெய்ரோவிலிருந்து திரும்புவது என்று திட்டம். கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை, மூட்டு வலி. துணைக்கு நானும் போகிறேன். பாதிப் பணம் கட்டிவிட்டோம். செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. டூர்காரர் "அங்கே எல்லாம் நார்மல், டிவிக்காரங்க பெரிசுபடுத்துறாங்க" என்கிறார். அம்மாவோ "கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதற்றம் இப்படியே இருந்தால் அம்மாவை இந்த முறை இஸ்ரேலுக்குள் அழைத்துப் போக வேண்டாம். ஆனால் இன்றைக்கே போனைப் போட்டு ரத்து செய்துவிடவும் வேண்டாம், அப்படிச் செய்தால் பணத்தை நீங்களாகவே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டூர்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. அந்தப் பகுதியில் பெரும்பாலான நாட்கள் உண்மையிலேயே நார்மலாகத்தான் போகும், கடை திறந்திருக்கும், பஸ் ஓடும், திருக்கல்லறை ஆலயத்தில் வரிசை நிற்கும். சிக்கல் என்னவென்றால் அங்கே நிலைமை படிப்படியாக மோசமாவதில்லை, ஒரே ராத்திரியில் மாறிவிடுகிறது. ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7 ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வரை யாத்திரைக் குழுக்கள் வழக்கம்போல சுற்றிக்கொண்டிருந்தன. 2025 ஜூன் 13 அதிகாலையில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது, அன்றைக்கே டெல் அவீவ் விமான நிலையம் மூடப்பட்டது, ஜோர்டான், ஈராக், லெபனான் என்று சுற்றியிருந்த வான்வெளியும் அடைபட்டது. அதனால் "இப்போது அங்கே பாதுகாப்பா?" என்று யாரைக் கேட்டாலும் அந்தப் பதிலின் ஆயுள் அன்றைக்கு மட்டும்தான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பயணத்தின் ஐந்தாம் நாள் எல்லாம் மூடிவிட்டால், இந்த அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே தங்குவேன், எந்த வழியாக வெளியே வருவேன், அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்?

வெளியே வருவதைப் பற்றிப் பேசுவோம். அரசு மீட்டுக் கொண்டுவந்துவிடும் என்று பலர் தைரியமாகச் சொல்கிறார்கள். உண்மைதான், நம் அரசு இதில் நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு 'ஆபரேஷன் அஜய்' முதல் விமானம் 212 பேரோடு டெல்லியில் இறங்கியது 13ஆம் தேதி. 2025 ஜூன் 13இல் தொடங்கிய சண்டையில், 'ஆபரேஷன் சிந்து' மூலம் இஸ்ரேலிலிருந்து முதல் குழு தரை வழியாக ஜோர்டானுக்குள் வந்து, அம்மானில் விமானம் ஏறி டெல்லி சேர்ந்தது 24ஆம் தேதி. அதாவது ஒரு தடவை ஆறு நாள், இன்னொரு தடவை பதினோரு நாள். இளவயதுக்காரர்களுக்கு அது பின்னால் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. சர்க்கரை மாத்திரையைப் பத்து நாளுக்கு மட்டும் எண்ணி எடுத்துவந்த 68 வயது அம்மாவுக்கு அப்படி இல்லை.

இதில் உங்கள் பயணத் திட்டத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தரை வழியாகப் போய்த் தரை வழியாக வருகிற குழுவுக்கு விமான நிலையம் மூடினாலும் ஒரு கதவு மிச்சம் இருக்கும். 2023இல் மேகாலயாவிலிருந்து போயிருந்த 27 யாத்ரீகர்கள் பெத்லகேமில் மாட்டிக்கொண்டார்கள், ஒரு மாநிலங்களவை உறுப்பினரும் அதில் இருந்தார். வெளியுறவு அமைச்சகத்தின் முயற்சியில் அவர்கள் எகிப்து எல்லையைத் தாண்டிப் பத்திரமாக வந்தார்கள். ஆனால் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இல்லை. ஜோர்டானுக்குப் போகிற வழிகளில் எருசலேமுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஆலன்பி பாலம் சின்னச் சம்பவத்துக்கே மூடிவிடும். 2024 செப்டம்பரிலும் 2025 செப்டம்பரிலும் அங்கே துப்பாக்கிச்சூடு நடந்து அது அடைக்கப்பட்டது. அப்படி ஆனால் வடக்கே ஷேக் உசேன் பாலத்துக்கோ தெற்கே தாபாவுக்கோ பஸ்ஸைத் திருப்ப வேண்டும், தாபா என்றால் நாட்டின் தெற்கு முனைவரை நீண்ட ஓட்டம். உங்கள் குழுவின் எகிப்து விசா கையில் இருக்கிறதா, இல்லை எல்லையில் போய்த்தான் வாங்குவார்களா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் முக்கியமாகும், அதனால் இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்து தங்கும் இடம். நம் ஊர் குழுக்கள் பெரும்பாலும் எருசலேமில் தங்குவதில்லை, செலவு குறைவு என்பதால் பெத்லகேமில்தான் தங்கவைப்பார்கள். பெத்லகேம் மேற்குக் கரையில் இருக்கிறது, நடுவில் சோதனைச் சாவடி உண்டு. சண்டை மூண்டால் முதலில் மூடுவது அந்தச் சாவடியைத்தான். இன்னொன்று, இஸ்ரேல் பகுதியில் புதிய கட்டடங்களில் பாதுகாப்பு அறை கட்டாயம், பொதுப் பதுங்கிடங்களும் உண்டு. மேற்குக் கரை ஊர்களில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. எருசலேமில் ராக்கெட் சைரன் ஒலித்தால் பாதுகாப்பான இடத்துக்குள் போக 90 விநாடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், லெபனான் எல்லையை நெருங்க நெருங்க அது இன்னும் குறையும். நான்காவது மாடி அறையில், மூட்டு வலியோடு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் கீழே இறங்குகிற ஒருவருக்கு 90 விநாடி போதுமா? உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு தடவை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். "போக வேண்டாம்" என்று நான் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம், நாற்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பிறகு அரசு அறிவுறுத்தல். வெளியுறவு அமைச்சகம் அமெரிக்கா மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போடுவதில்லை, வார்த்தையில்தான் சொல்லும். "விழிப்போடு இருங்கள்" என்பதற்கும் "அவசியமில்லாத பயணத்தைத் தவிருங்கள்" என்பதற்கும் "மறு அறிவிப்பு வரை போக வேண்டாம்" என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது, வரிக்கு வரி படிக்க வேண்டும். ஆனால் அறிவுறுத்தல் இல்லை என்பதைப் பச்சை விளக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024இல் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் போக வேண்டாம் என்று நம் அரசு சொன்னது ஏப்ரல் 12. ஈரானின் ட்ரோன்கள் கிளம்பியது 13ஆம் தேதி ராத்திரி. இடையில் ஒரே நாள். பிரிட்டன் அரசின் பயண அறிவுறுத்தல் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதில் நாட்டை மொத்தமாகச் சொல்லாமல் எந்தப் பகுதி மோசம் என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டுவார்கள்.

நான் இவற்றையெல்லாம் விட அதிகமாக நம்புவது விமான நிறுவனங்களை. லுஃப்தான்சா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களும் நம் ஏர் இந்தியாவும் டெல் அவீவுக்குப் பறக்கின்றனவா, நிறுத்தி வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். விமானமும் ஊழியர்களும் அவர்களுடையது, காப்பீட்டுச் சுமையும் அவர்களுடையது, அதனால் வாய்ப்பேச்சுக்குப் பறக்கமாட்டார்கள். ஏர் இந்தியா 2023 அக்டோபரில் நிறுத்தி, 2024 மார்ச்சில் தொடங்கி, ஏப்ரலில் மறுபடி நிறுத்தியது. 2025 மே 4 அன்று அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யேமனின் ஹூதி படையினர் ஏவிய ஏவுகணை விழுந்தபோது டெல்லியிலிருந்து போன ஏர் இந்தியா விமானத்தை அபுதாபிக்குத் திருப்பிவிட்டார்கள். எல் ஆல் பறக்கிறதே என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அவர்கள் நாட்டு விமானம், யார் நிறுத்தினாலும் அவர்கள் பறக்கப் பார்ப்பார்கள்.

நீங்கள் டெல் அவீவில் இறங்கப்போவதில்லைதான். ஆனால் சென்னையிலிருந்து அம்மானுக்கு வளைகுடா வழியாகத்தானே போக வேண்டும்? 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் இருக்கிற அல் உதெய்த் அமெரிக்க ராணுவத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணை வீசியபோது கத்தார் சில மணி நேரம்தான் வான்வெளியை மூடியது, அதற்கே ஆயிரக்கணக்கான பயணிகள் எங்கெங்கோ இறக்கப்பட்டுக் காத்துக் கிடந்தார்கள். போகிற டிக்கெட்டும் வருகிற டிக்கெட்டும், இடையில் மாறுகிற விமானமும் எல்லாம் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பிஎன்ஆர் என்றால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக மலிவாகப் போட்டிருந்தால் உங்கள் பாடு.

சரி, பணம். இன்றைக்கே ரத்து செய்ய வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? நீங்களாக விலகினால் அது உங்கள் ரத்து, டூர்காரரின் நிபந்தனைப்படி பிடித்தம் போகும். விமான நிறுவனம் ரத்து செய்தால் கதை வேறு: மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்பது டிஜிசிஏ (நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. போர்ச்சூழல் என்றால் நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் டிக்கெட் பணம் திரும்ப வர வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்புகிற பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது என்று டிஜிசிஏ சொல்கிறது (வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி), "ஏர்லைன்ஸ் எங்களுக்கு இன்னும் தரல" என்று மாதக்கணக்கில் இழுப்பவரிடம் இதை எடுத்துக்காட்டலாம். அதனால் கையில் இருக்கிற ரத்துக் கட்டண அட்டவணையைப் பாருங்கள். எத்தனை நாளுக்கு முன்னால் விலகினால் எவ்வளவு பிடித்தம் என்று படிப்படியாக இருக்கும், அந்தப் பிடித்தம் பெரிதாகத் தாவுகிற தேதிக்கு ஒரு வாரம் முன்புவரை காத்திருங்கள், அதுதான் உங்கள் முடிவு நாள். இன்னொரு உள்விஷயம்: குரூப் புக்கிங்கில் டிக்கெட்டைக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்புதான் இஷ்யூ செய்வார்கள், அதற்கு முன் பெயரை மாற்ற முடியும். அம்மாவின் இடத்தில் பங்கிலிருந்தே வேறொருவர் வரச் சம்மதித்தால் விமானப் பணம் பெரும்பாலும் தப்பித்துவிடும். விசா கட்டணத்தை மறந்துவிடுங்கள், அது வராது.

டூர்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியது இரண்டு. நடுவில் மாட்டிக்கொண்டால் கூடுதல் நாட்களுக்கு ஓட்டலும் சாப்பாடும் யார் செலவு என்பது ஒன்று. இஸ்ரேல் பகுதி முடியாமல் போனால் ஜோர்டானையும் எகிப்தையும் மட்டும் வைத்து நடத்துவார்களா, அப்போது எவ்வளவு குறைப்பார்கள் என்பது இன்னொன்று. வாயால் "பார்த்துக்கலாம் சார்" என்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நாற்பது பேருக்குப் பத்து நாள் கூடுதல் ஓட்டல் வாடகை என்றால் அவர் கையும் கடிக்கும்.

காப்பீட்டை நம்பி இதில் இறங்காதீர்கள். நம் ஊர் பயணக் காப்பீட்டில் போர், படையெடுப்பு, மோதல் என்பவற்றால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாக விலக்கு உண்டு, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினைக்குப் பிறகு எடுத்த பாலிசியில் அதைக் காரணம் காட்டிப் பணம் கேட்கவும் முடியாது. சாதாரணக் காய்ச்சல், விழுந்து கால் முறிவது போன்றவற்றுக்கு அது வேண்டும்தான், அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுங்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? ஒரேயடியாக "இல்லை" என்று சொல்லத் தேவையில்லை. இஸ்ரேலை விட்டுவிட்டு ஜோர்டான், எகிப்து மட்டும் என்று குழுவே மாற்றிக்கொண்டால் நான் அரை மனதோடு சரி என்பேன். மோசே நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த நெபோ மலை ஜோர்டானில்தான் இருக்கிறது, யோர்தான் நதியின் கிழக்குக் கரையில் இயேசு திருமுழுக்குப் பெற்ற இடம் என்று 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல் மக்தாஸும் அங்கேதான். வான்வெளி மூடினால் அம்மானிலும் காத்திருக்க நேரலாம், ஆனால் சோதனைச் சாவடி இல்லாத, 90 விநாடிக் கணக்கில் படிக்கட்டில் ஓட வேண்டியிராத காத்திருப்பு அது. கலிலேயாவும் பெத்லகேமும் இல்லாமல் எனக்கு வேண்டாம் என்று அம்மா சொன்னால், குழுவோடு அல்லாமல் நிலைமை ஆறின பிறகு அடுத்த வருடம் என்று தள்ளிவையுங்கள், கோடையில் வேண்டாம், அந்த வெயிலும் நடையும் மூட்டுக்கு ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு போவதென்றே முடிவானால்: பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரை, டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில். டெல் அவீவ் இந்தியத் தூதரகத்தின் எண்ணோடு ரமல்லாவில் உள்ள இந்தியப் பிரதிநிதி அலுவலகத்தின் எண்ணும் வேண்டும், பெத்லகேம் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது. ஓட்டலில் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். தமிழக அரசு எருசலேம் போய்வருபவர்களுக்குத் தருகிற 37,000 ரூபாய் மானியத்துக்கு விண்ணப்பிக்க நினைத்திருந்தால், இஸ்ரேல் இல்லாத மாற்றுப் பயணத்துக்கு அது பொருந்துமா என்று மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். டூர்காரர் டிசிஎஸ் (டூர் பணத்தோடு சேர்த்து வசூலிக்கிற வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.