மேரி டாட் லிங்கன்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மேடம், ஆபிரகாம் லிங்கனின் மனைவி ஒரு ராட்சசி, கணவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று பள்ளியில் கதை சொல்வார்கள். உண்மையா?

பதில்: மேரிக்குச் சட்டென்று கோபம் வரும். அவரை நேசித்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ராட்சசிக் கதைகளில் பெரும்பகுதி வில்லியம் ஹெர்ண்டன் வழியாக வந்தவை. ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனோடு சேர்ந்து வக்கீல் தொழில் நடத்தியவர் அவர். மேரிக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. 1866இல் மேடையேறி, லிங்கன் உண்மையாகக் காதலித்தது ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணை மட்டும்தான் என்று பேசினார். கணவர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில் மேரி அதைத் தாங்க வேண்டியிருந்தது. ஹெர்ண்டனை மேற்கோள் காட்டும் எதையும் கவனமாகப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, அவர் படித்தவரா?

பதில்: நன்றாகவே. கென்டக்கியின் லெக்சிங்டனில் 1818இல் பிறந்தவர். அடிமைகளை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். விடுதிப் பள்ளியில் பிரெஞ்சு கற்றார். வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே அரசியல் பேசி வளர்ந்தவர்.

கேள்வி: கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் ரயிலில் எழுதினாரா?

பதில்: என் பகுதி மேரியின் வாழ்க்கை. இதை உள்நாட்டுப் போர் பற்றி எழுதும் நண்பர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளை மாளிகையில் பணத்தை வாரியிறைத்தாராமே?

பதில்: ஆமாம், அதை நான் மறைக்கப் போவதில்லை. மாளிகையைச் சீரமைக்க 20,000 டாலர் ஒதுக்கினார்கள். அதைத் தாண்டிச் செலவழித்தார். போர்முனையில் சிப்பாய்க்குப் போர்வை இல்லாதபோது இது என்ன ஆடம்பரம் என்று லிங்கனே கொதித்தார். அதே நேரத்தில் மேரியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்கள், உள்நாட்டுப் போரில் லிங்கனின் வடக்கு அரசை எதிர்த்த தெற்குப் படையில் இருந்தார்கள். வடக்கே அவரை உளவாளி என்றார்கள், தெற்கே துரோகி என்றார்கள். 1862 பிப்ரவரியில் பதினோரு வயது மகன் வில்லி அந்த மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான். செலவுக் கணக்கை எடுத்தால் இவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: அவருக்குப் பைத்தியம் பிடித்தது உண்மைதானே?

பதில்: 1875 மே 19 அன்று சிகாகோவில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கியிருந்த ஹோட்டலுக்கு முன்னறிவிப்பின்றி ஆள் வந்தது. அன்றே நீதிமன்றம். அவருக்கு மனநிலை சரியில்லை என்று வழக்குப் போட்டவர் உயிரோடிருந்த ஒரே மகன் ராபர்ட். மேரிக்காக ஆஜரான ஐசக் ஆர்னல்டை ஏற்பாடு செய்தது எதிர்த்தரப்பு. அவர் மேரி தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. மருத்துவர்களில் பலர் ராபர்ட் சொன்னதைக் கேட்டே கருத்துச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்கள் கொண்ட ஜூரி சில நிமிடங்களில் ‘மனநிலை சரியில்லை’ என்று முடிவு சொன்னது. 56,000 டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை மேரி உள்ளாடையில் வைத்துத் தைத்திருந்தார். தீர்ப்புக்குப் பிறகு அவற்றைப் பிய்த்து எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். மறுநாள் பட்டேவியாவில் ஒரு தனியார் மனநல இல்லம்.

கேள்வி: நான் வக்கீல். ராபர்ட்டை வில்லனாக்குகிறீர்கள். ஜூரி விசாரணை இல்லாமல் மனநல இல்லத்தில் சேர்க்க இல்லினாய்ஸ் மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. அவர் வேறு என்னதான் செய்வார்?

பதில்: நியாயமான கேள்வி. ராபர்ட் பயந்ததற்குக் காரணம் இருந்தது. திடகாத்திரமாக இருந்த மகன் சாகக் கிடப்பதாக நம்பி, மேரி ஃபுளோரிடாவிலிருந்து பதறித் தந்தி அடித்தார். குடியிருக்க வீடில்லாதவர் ஜன்னல் திரைகளாக வாங்கிக் குவித்தார். ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். எலிசபெத் பேக்கார்ட் என்ற பெண்ணை அவர் கணவர் விசாரணையே இல்லாமல் மூன்று வருடம் மனநல விடுதியில் அடைத்தார். வெளியே வந்து அவர் போராடியதால் 1867இல் ஜூரி விசாரணை கட்டாயமானது. அந்தப் பாதுகாப்பை ஒரே பிற்பகலில் வெறும் சடங்காக்கிவிட்டார்களே, என் வருத்தம் அதுதான்.

கேள்வி: (அதே வக்கீல்) சிகிச்சை தேவைப்பட்டவருக்குச் சிகிச்சை கிடைத்தது. நடைமுறைக் குறையை வைத்து நோக்கத்தைச் சந்தேகிக்கலாமா?

பதில்: நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. தனக்காக வாதாட ஆள் தேடும் அவகாசம் மேரிக்குக் கிடைக்கவில்லை என்கிறேன். நீங்கள் நாளை உங்கள் கட்சிக்காரருக்கு இதை ஒப்புக்கொள்வீர்களா? அந்த அவகாசம் கிடைத்தபோது என்ன நடந்தது? உள்ளேயிருந்தபடியே கடிதம் எழுதி மைரா பிராட்வெல்லை வரவழைத்தார். பெண் என்பதற்காக வக்கீல் உரிமம் மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1873இல் தோற்றவர் மைரா. அவர் செய்தியாளரை அழைத்துப் போனார், பத்திரிகைகளில் விஷயம் வெடித்தது. செப்டம்பரில் மேரி ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். 1876 ஜூனில் இன்னொரு ஜூரி அவரைத் தெளிந்த மனநிலை உடையவர் என்று அறிவித்தது.

கேள்வி: மேடம், அவருக்கு இருந்தது பைபோலாரா, அதாவது மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயா?

கேள்வி: ரத்தசோகையால் வந்த மனநோய் என்கிறார்களே?

பதில்: இரண்டுக்கும் சேர்த்து: 1882இல் இறந்தவருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. நான்கு மகன்களில் மூவரையும் பறிகொடுத்து, கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சுடப்பட்டதைப் பார்த்தவர் அவர். முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: கடைசியில் பைத்தியமா இல்லையா, ஒரே வார்த்தையில்?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: அரசு ஓய்வூதியம் கொடுத்ததா?

பதில்: 1870இல் ஆண்டுக்கு 3,000 டாலர், அதுவும் செனட்டில் அவரைக் கேவலமாகப் பேசிய பிறகு. இறந்த ஆண்டில்தான் அதை 5,000 ஆக உயர்த்தினார்கள்.