மச்சில் கிடந்த வீடியோ கேம்

கேள்வி: எனக்கு வயது 42. களியக்காவிளையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். 1993-ல் லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார். போன வருஷம் அப்பா தவறிய பிறகு மச்சை ஒதுக்கும்போது அந்தப் பெட்டி கிடைத்தது. போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை. ஆனால் அன்று பிடித்தது பித்து. சேகா, கேம் பாய், ஜப்பானிலிருந்து வரவழைத்த ஃபேமிகாம் என்று எட்டு மாதத்தில் 46,000 ரூபாய் செலவாகிவிட்டது. பாதியை இன்னும் பிரிக்கவே இல்லை. 'வீட்டை ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) ஆக்கியாச்சு' என்கிறாள் மனைவி. ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறான். அப்பாவின் பெட்டியில் நிண்டெண்டோ என்று எங்குமே எழுதியில்லை, அது டூப்ளிகேட், தூக்கிப் போடு என்கிறார் ஒரு நண்பர். இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

பி.கு.: அப்பா ஆடியது ஒரே ஒரு கார் ஆட்டம். நன்றாக ஓட்டுவார், ஆனால் பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து கார் நின்றுவிடும். 'பெட்ரோல் தீந்து போச்சு மக்ளே' என்று ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். அது என்ன ஆட்டம்?

பெயர் வேண்டாம், களியக்காவிளை

பதில்: முதலில் அந்த நண்பரிடம் சொல்லுங்கள், தூக்கிப் போடப் போவதில்லை என்று.

நானும் குழித்துறையில் வளர்ந்தவன்தான். எங்கள் தெருவில் வீடியோ கேம் இருந்த வீடு இரண்டு. இரண்டுமே 'பாரின்காரர்' வீடு. இரண்டு பெட்டியிலும் நிண்டெண்டோ பெயர் இல்லை. ஜப்பானில் 1983 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்து அப்படியே செய்த நகல்கள் அவை. அசல் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாரியோவைக் குதிக்க வைத்ததும், கான்ட்ரா என்ற சண்டை ஆட்டத்தில் மூன்று உயிரையும் நீர்வீழ்ச்சிக்குள் விட்டதும் அந்த நகலில்தான். 'ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டம்' என்று மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் கேசட்டில் உண்மையில் பத்திருபது ஆட்டம்தான் இருக்கும். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயரில், மூன்றாவது கட்டத்திலிருந்தோ ஐந்தாவது கட்டத்திலிருந்தோ தொடங்கும். அந்த ஏமாற்று வேலையும் சேர்ந்ததுதான் நம் ஊர் வீடியோ கேம் சரித்திரம். அமெரிக்காவில் ஒருவர் தன் சிறுவயதுப் பெட்டியைத் தேடினால் அவருக்கு அசல் வேண்டும். நீங்கள் தேடினால் உங்களுக்கு வேண்டியது இந்த நகல். எட்டு மாதமாக நீங்கள் வாங்கிக் குவித்தது பெரும்பாலும் அடுத்தவர்களின் சிறுவயது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் பாதி பிரிக்காமல் கிடக்கிறது.

சரி, அப்பாவின் பெட்டிக்கு வருவோம். ஓடவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய அடாப்டரை மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். அதுவே முதல் சந்தேகம். பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், அடாப்டர் முனையில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்று ஒரு சின்னப் படம் போட்டிருக்கும். பார்த்து, அதற்குப் பொருந்துகிற புது அடாப்டர் வாங்குங்கள். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 9 வோல்ட், மைனஸ் நடுவில். படம் அழிந்திருந்தால் ஊகிக்காதீர்கள், டிவி ரிப்பேர்காரரிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றித் திறக்கலாம். என்னுடையதைத் திறந்தபோது இரண்டு பல்லி முட்டை ஓடும், ஒரு கரப்பான் பூச்சியின் கூடும், ஈரமண் போல அப்பிய தூசியும் இருந்தன. பலகையின் நடுவில் தார்ச்சொட்டு விட்டதுபோல் கறுப்பாக ஒரு குமிழ் தெரியும். அதற்குள்தான் மொத்த மூளையும். அது போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மூன்று கால் உள்ள சின்ன ரெகுலேட்டர், 7805 என்று எழுதியிருக்கும், வந்த மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்குவது அதன் வேலை. சூடாகிச் சூடாகிப் போய்விடும். பத்து இருபது ரூபாய் சாமான். ஜாய்ஸ்டிக் வேலை செய்யாவிட்டால் வயர் பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும். சிறுவயதில் எத்தனை தடவை அதைப் பிடித்து இழுத்திருப்பீர்கள், நினைத்துப் பாருங்கள்.

மிச்சம் கேசட் செருகும் வாய். அதிலும் கேசட்டின் அடியில் உள்ள உலோகக் கால்களிலும் பச்சை பிடித்திருக்கும். நாமெல்லாம் கேசட்டை எடுத்து உஃப் என்று ஊதித் திரும்பச் செருகினோமே, அந்த எச்சில் ஈரம்தான் கால்களை அரித்தது. ஊதியதால் ஓடியதாக நினைத்தோம். எடுத்துத் திரும்பச் செருகியதில் கால்கள் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், நாலாவது வெள்ளையாக வரும். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்க முலாம் போய்விடும்.

டிவி விஷயம் கொஞ்சம் வில்லங்கம். புது எல்.இ.டி. டிவியில் மஞ்சள் வெள்ளை ஒயர் (ஏ.வி. ஒயர்) செருக இடமிருந்தால் படம் வரும், ஆனால் கலங்கலாக வரும், பொத்தானை அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் மாரியோ குதிப்பான். உங்கள் மகன் எழுந்து போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாத்துச் சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி அதில் வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் திரை முழுக்கக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒளிரும். துப்பாக்கி முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய பெட்டி டிவியின் வேகத்தை நம்பி அமைத்தது. அதனால் ஒரு பெட்டி டிவி தேடுங்கள். மார்த்தாண்டம் பக்கமோ பாறசாலைப் பக்கமோ எந்த ஆக்கர் கடையிலும், 'சேட்டா, பழைய டிவி உண்டோ?' என்று கேட்டால் ஓட்டிக் காட்டியே கொடுப்பார்கள். 14 இன்ச் போதும். 21 இன்ச் வாங்கினால் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: டிவியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கும். உங்கள் அப்பா இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

இனி நீங்கள் வாங்கிய சாமான்கள். ஜப்பான் ஃபேமிகாமை இன்னும் செருகவில்லை என்றால் நல்லது. அதோடு வந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் செருகினால் புகைதான் வரும். மேலும் அது படத்தை அனுப்புவது ஜப்பான் டிவியின் 1, 2 சேனல்களில். நம் டிவி அதைப் பிடிக்காது, உள்ளே வேலை செய்து ஏ.வி. ஒயர் இழுத்தாக வேண்டும். ஆனால் அதன் கேசட்டுகளுக்கு 60 கால், அப்பாவின் பெட்டி ஃபேமிகாம் நகல் என்றால் அதற்கும் 60 கால். செருகிப் பாருங்கள், பெரும்பாலானவை ஓடும். கேசட்டை வைத்துக்கொண்டு பெட்டியை விற்றுவிடலாம். சேகா மெகா டிரைவ் என்றால் முதல் மாடலுக்கு மைனஸ் நடுவில், இரண்டாவது மாடலுக்குப் பிளஸ் நடுவில். ஒன்றின் அடாப்டரை மற்றதற்குப் போடாதீர்கள்.

கேம் பாய் கேசட்டில்தான் ஏமாற்று அதிகம். நானே ஏமாந்திருக்கிறேன். கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒரு போக்கிமான் எமரால்டு, பளபளவென்று பச்சை, அசல் என்று சத்தியம் செய்து விற்றார்கள். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக ஆடி, கடைசியில் எலைட் ஃபோர் என்ற இறுதி எதிராளிகள் நால்வரையும் ஜெயித்து சேவ் செய்தேன். மறுநாள் போட்டால் எல்லாம் அழிந்து, புது ஆட்டம் ஆடு என்றது. நகல் கேசட்டுகளின் குணமே அதுதான் என்று அப்புறம் தெரிந்தது. உங்களிடம் உள்ளதை இப்படிப் பாருங்கள்: அசல் அட்வான்ஸ் கேசட்டின் லேபிளில், வெளிச்சத்தில் சாய்த்தால், அழுத்திப் பதித்த இரண்டு எண்கள் தெரியும். கால்களுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் அது நகல். அப்பாவின் பெட்டி நகலாக இருப்பதைப் பாராட்டிவிட்டு இதைக் குறை சொல்கிறேனே என்று கேட்பீர்கள். அது 1993-ல் நகல் விலைக்கு வந்த நகல். இது இன்று அசல் விலைக்கு விற்கும் நகல்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-ல் பிரிக்காத சூப்பர் மாரியோ கேசட் ஒன்று 20 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவரால் அதை ஆட முடியாது, பிரித்தால் விலை போய்விடும். நாளை விலை ஏறும் என்று யாராவது சொல்லி நீங்கள் வாங்கியது ஏதாவது இருந்தால் அதை முதலில் தள்ளிவிடுங்கள். ரப்பர் விலையைப் பார்த்துப் பழகியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவர் கண்ணில் படுவது ஆட்டம் இல்லை, அட்டைப்பெட்டிகள். எனவே ஒரு அலமாரி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அது நிறைந்தபின் ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக இதுதான் சட்டம், சட்டம் போட்டது நான் அல்ல. செலவுக் கணக்கை மறைக்காமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள். நம் பக்கம் இரண்டு மழையும் பெய்கிற ஊர் என்பதால் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ரப்பர் புகைப்புரைக்குப் பக்கத்து அறை என்றால் வேறு அறை பாருங்கள்.

இந்த வயதில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அசலுக்கே அந்தக் கதி. மஸ்கட்டிலிருந்து சூட்கேஸில் வந்த பெயரில்லாப் பெட்டியைக் கணக்கெடுப்பது யார்? உங்கள் மச்சில் இருந்ததால்தான் அது இருக்கிறது. 42 வயதில் ஒருவர் அதைத் துடைத்து ஓட வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீட்டாடுவதைவிடச் செலவு குறைவு என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

மகனுக்கு மாரியோ போட்டுக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒருவர் செத்த பிறகு இன்னொருவர் ஆடுவது. கைபேசியில் வளர்ந்த பிள்ளை அந்த வரிசையில் காத்திருக்க மாட்டான். பேட்டில் சிட்டி போடுங்கள். 1985-ல் நாம்கோ கொண்டுவந்த பீரங்கி வண்டி ஆட்டம், 35 கட்டம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும், அதைக் காப்பாற்ற வேண்டும். நீங்கள் தவறிப்போய் உங்கள் குண்டாலேயே அந்தக் கழுகைச் சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரு தடவை வேண்டுமென்றே சுட்டுப் பாருங்கள். மகன் உங்களைத் திட்டத் தொடங்கினால் இனி அவன் எழுந்து போக மாட்டான்.

பின்குறிப்புக்கு வருகிறேன். உங்கள் அப்பா ஆடியது ரோட் ஃபைட்டர்தான் என்று நினைக்கிறேன். கொனாமி செய்தது, மேலிருந்து பார்ப்பதுபோல் சாலை, சிவப்புக் கார். மஞ்சள் கேசட்டின் பட்டியலில் வேறு பெயரில் இருக்கலாம், ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அதில் வருகிற வண்டியையெல்லாம் இடிக்காமல் விலகித்தான் ஓட்ட வேண்டும், ஒன்றைத் தவிர. பல நிறத்தில் ஒரு கார் வரும். அதை மட்டும் போய் இடிக்க வேண்டும், இடித்தால் எண்ணெய் ஏறும். உங்கள் அப்பா அதையும் விலகியே ஓட்டியிருக்கிறார் போலிருக்கிறது.