ஃபோர் வீல் விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை

கேள்வி: 1990-களில் வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களில் ஆட்டோமேட்டிக் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு தானாகவே மாட்டும் பூட்டு). லீவரை ஃபோர்-ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் டேஷ்போர்டில் விளக்கு ஒழுங்காக எரிகிறது. ஆனால் சேற்றில் பின்சக்கரங்கள் மட்டும்தான் சுழல்கின்றன. இடது முன்பக்கத்தில் சில சமயம் கடகடவென்று சத்தமும் வருகிறது. இரண்டு ஹப்பையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கழற்றிப் பார்க்காமல் ஹப் மாற்றச் சொல்வது அவசர முடிவு. இந்த வகை ஹப்பில் வரும் கோளாறுகளில் பல, சுத்தம் செய்து சரியாகப் பூட்டினாலே தீர்ந்துவிடும்.

முதலில் அந்த விளக்கை நம்ப வேண்டாம். அதை எரிய வைக்கும் சுவிட்ச் பொதுவாக ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) இருக்கிறது. லீவர் சரியாக விழுந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சக்கரத்தில் இருக்கும் ஹப் மாட்டிக்கொண்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

ஹப் மாட்டுவது இப்படித்தான். ஃபோர்-ஹையில் போட்டு வண்டியை நகர்த்தியதும் முன் ஆக்ஸில் ஷாஃப்ட் சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சி உள்ளே இருக்கும் ஒரு கேமை (சாய்வான விளிம்புள்ள வளையம்) தள்ள, பல்வளையம் ஒன்று நகர்ந்து ஷாஃப்டையும் சக்கரத்தையும் ஒன்றாகக் கோர்க்கும். விடுவிக்க வேண்டுமானால் டூ-ஹைக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வந்து, நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கடகட சத்தம் என்பது பல்லும் பல்லும் முழுதாகக் கோர்க்காமல் நுனியில் தட்டித் தாவும் சத்தம். அது கேட்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி ‘மாட்டட்டும்’ என்று பார்க்காதீர்கள், பல்லின் நுனி மழுங்கிவிடும். நிறுத்தி, டூ-ஹைக்கு வந்து, இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய், மறுபடி முயலுங்கள்.

இன்னொரு விஷயம் உங்கள் செலவைப் பாதியாக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் (இடது, வலது ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), எந்தப் பக்கம் எளிதாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கமே சுழற்சியை அனுப்பும். இடது ஹப் மாட்டவில்லை என்றால் இடது ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வலது ஹப் நன்றாக இருந்தாலும் அந்தச் சக்கரத்துக்கு இழுவை போகாது. ஆக, முன்பக்கம் மொத்தமாக வேலை செய்யாதது போலத் தெரிந்தாலும், பழுது ஒரே ஒரு பக்கத்தில்தான் இருக்கலாம்.

எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. லீவர் டூ-ஹையில் இருக்கட்டும். பெரும்பாலான பார்ட்-டைம் வண்டிகளில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவை) அப்போது முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) கையால் சுற்றும். வலது சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல ஹப் என்றால் ‘டக்’ என்று மாட்டி இடது சக்கரமும் கூடவே சுழலும். எதிர்ப்பக்கம் சுற்றினால் விடுபடும். பிறகு இடதைப் பிடித்துக்கொண்டு வலதைப் பாருங்கள். இரண்டு முறையும் கண் சக்கரத்தின் பின்னால் இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்டின் மேல் இருக்கட்டும். எந்தப் பக்கம் ஷாஃப்ட் சுழன்றும் சக்கரம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.

திறந்ததும் முதலில் கிரீஸைப் பாருங்கள். வீல் பேரிங்குக்கு கிரீஸ் திணிக்கும்போது ‘இதற்கும் இருக்கட்டும்’ என்று ஹப்புக்குள்ளும் நிறைத்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஆட்டோமேட்டிக் ஹப்புக்கு அதுவே பெரிய கெடுதல். கனமான கிரீஸ் குளிரில் இறுகும், பழசானால் பிசின் போல ஒட்டும், சின்ன ஸ்பிரிங்கால் அதைத் தள்ளி நகர முடியாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

அப்புறம் தண்ணீர். மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அறுந்திருந்தால் உள்ளே துரு படிந்திருக்கும். மேலோட்டமான துரு என்றால் சுத்தம் செய்து ஓ-ரிங்கை மாற்றுங்கள். பல் அரித்துப்போயிருந்தால்தான் ஹப் மாற்றும் பேச்சு.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வீல் பேரிங் நட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல வண்டிகளில் ஹப்பின் இன்னொரு கேம், நகராமல் இருக்க வேண்டியது, அந்த நட்டை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கும். நட் தளர்ந்து பேரிங்கில் ஆட்டம் வந்தால் கேமின் இடமும் மாறும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கைச் சரிசெய்யாமல் புது ஹப் போட்டுப் பயனில்லை, அதுவும் அதே சத்தம் போடும். சில ஃபோர்ட் ரேஞ்சர் பிக்கப்களில் இந்தக் கேம் பிளாஸ்டிக். அதன் நாக்கு உடைந்திருக்கிறதா, ஷாஃப்ட் நுனியில் ஸ்னாப் ரிங்கும் வாஷரும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். உடைந்தது கேம் மட்டும் என்றால், அது தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு முழு ஹப்பைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ஹப் மாட்டுகிறது, விடுவதில்லை. டூ-ஹைக்கு வந்த பிறகும் முன்பக்கம் ஏதோ உறுமுகிறது.

பதில்: காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-ஹையில் ஓட்டினீர்களா? பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டப்பட்டிருக்கும். திருப்பத்தில் சக்கரம் வழுக்க இடம் இல்லாவிட்டால் ஷாஃப்டுகளில் முறுக்கம் ஏறிவிடும், அந்த இறுக்கத்தில் பல் நழுவாது. மண்ணுக்கு இறங்கி, லீவர் முழுதாக டூ-ஹைக்கு வந்ததா என்று பார்த்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து ரிவர்ஸ் எடுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர், அல்லது ஒன்று புதிது ஒன்று தேய்ந்தது என்றாலும் இதே தொல்லை வரும்.

இரண்டு பக்கமும் மாட்டியபடியே டூ-ஹையில் வீடு போய்ச் சேரலாம், வண்டி கெட்டுவிடாது. டீசலோ பெட்ரோலோ கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் மறுபக்க ஷாஃப்ட் தேவையில்லாமல் எதிர்த்திசையில் சுழலக்கூடும். அப்படி நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிவிட்டு மேனுவல் ஹப் போடச் சொல்கிறார்கள். பின்னோக்கிப் போவது போல இருக்கிறதே?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். கையால் திருப்பும் ஹப்பைப் பழைய ஜீப்புகளுக்காக வார்ன் நிறுவனம் 1948-இல் செய்யத் தொடங்கியது. இன்றும் அது விற்பதற்குக் காரணம், உள்ளே கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. திருப்பினால் மாட்டும், திருப்பி விட்டால் விடும். சேற்றில் சிக்கி வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டும்போது ஆட்டோமேட்டிக் ஹப் ஒவ்வொரு தடவையும் விட்டு விட்டு மாட்டப் பார்க்கும், பல் உடைவது அங்கேதான். மேனுவலில் அந்தப் பயம் இல்லை. உங்கள் ஹப்பில் பல் போயிருந்தால் புது ஆட்டோமேட்டிக்கைவிட மேனுவல்தான் என் தேர்வு. சேற்றில் இறங்கி நின்று திருப்ப வேண்டுமே என்பது உண்மையான சிரமம்தான். மோசமான பாதை வரும் என்று தெரிந்தால் கிளம்பும்போதே மாட்டிவிடுங்கள்.

வாங்கும்போது வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள்ளேயே ஆக்ஸில் மாறியிருக்கலாம். ஷாஃப்டின் ஸ்ப்லைன் (நீளவாட்டில் இருக்கும் பல்) எத்தனை, ஹப்பின் போல்ட் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போங்கள். சில வண்டிகளில் ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாறும்போது பேரிங் நட்டையும் லாக் வாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அவை கிட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப்போட்ட நிலையில் அலைய வேண்டியிருக்கும். பழைய ஹப் வாங்குவதானால் மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் ஆட்டோமேட்டிக், ஒரு பக்கம் மேனுவல் என்று கலக்கவே வேண்டாம்.

கேள்வி: என் பிக்கப்பின் ஹப்புக்கு ரப்பர் ஹோஸ் போகிறது. இதுவும் அதே வகையா?

பதில்: இல்லை, இது வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுவிசையால்) மாட்டுவது. வட அமெரிக்காவில் விற்ற ஃபோர்ட் ரேஞ்சரில் 1998 வாக்கில் இந்த வகை வந்தது. இதில் ஹப்பைத் திறக்கும் முன் ஹோஸைப் பாருங்கள். விரிசல், கழன்ற முனை, சக்கரத்தருகே கசியும் சீல், வேலை செய்யாத சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), இவைதான் முதல் சந்தேகம். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சிலவற்றில் ஹப் பூட்டே கிடையாது, முன் டிஃபரன்ஷியலிலேயே வேக்குவத்தால் துண்டிப்பார்கள். அந்த வண்டிக்கு ஹப் வாங்கச் சொன்னால் மறுத்துவிட்டு, டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆக்சுவேட்டரையும் (துண்டிக்கும் பாகம்) அதன் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.