அவர் படங்களில் நான் இருக்கிறேன், என் படங்கள் எங்கே?

கேள்வி: நானும் என் கணவரும் கவின்கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். வகுப்பில் நான்தான் நன்றாக வரைவேன் என்று அவரே சொல்வார். கல்யாணம், இரண்டு குழந்தைகள் என்று ஆனபின் பிரஷைத் தொட்டுப் பதினோரு வருஷமாகிறது. இப்போது அவர் படங்களுக்கு நான்தான் மாடல். சமையலை முடித்துவிட்டு மணிக்கணக்கில் உட்காருவேன். போன மாதம் அவர் கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர், "ரொசெட்டிக்கு எலிசபெத் சிடல் வாய்த்த மாதிரி இவருக்கு நீங்கள்" என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பெண் யாரென்று தேடிப் படித்தேன்; அன்று தூக்கம் வரவில்லை. திரும்ப வரையட்டுமா என்று கேட்டால், "வரையேன், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் போதாதா?" என்று சிரிக்கிறார். நல்ல மனிதர்தான். எனக்கு 38 வயது. இனிமேல் வருமா? அவருக்கு உட்காருவதை நிறுத்திவிட வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

அந்தப் பெரியவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். சிடலின் முகத்தைப் பார்த்தவர்களில் அவர் வரைந்த படங்களைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். நீங்கள் தேடியபோதும் முதலில் வந்து நின்றது குளியல் தொட்டிக் கதையாகத்தான் இருந்திருக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் வழக்கமாக யாரும் கண்டுகொள்ளாத ஓர் ஆள் இருக்கிறார்.

1848-ல் லண்டனில் ஏழு இளைஞர்கள் ஓவியக் குழுவாகச் சேர்ந்து ப்ரீ-ரஃபேலைட் சகோதரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஏழும் ஆண்கள். பிற்பாடு சிடலை மணந்த ஓவியர் ரொசெட்டி அவர்களில் ஒருவர். இன்னொருவரான ஜான் எவரெட் மில்லே, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகும் ஒஃபீலியா என்ற பெண் ஆற்றில் மிதந்து போவதை வரைய நினைத்தார். ஆற்றங்கரைச் செடிகொடிகளை 1851-ல் சர்ரேயில் ஹாக்ஸ்மில் ஆற்றோரம் உட்கார்ந்து மாதக்கணக்கில் வரைந்தார். பெண்ணின் முறை வந்தபோது குளிர்காலம். தொப்பிக் கடையில் வேலை பார்த்த சிடலுக்கு 22 வயது இருக்கும். வெள்ளி வேலைப்பாடு செய்த பழைய கவுன் ஒன்றை 4 பவுண்டுக்கு வாங்கி உடுத்தச் சொல்லி, தண்ணீர் நிரப்பிய தொட்டியில் படுக்க வைத்தார்கள். தண்ணீர் ஆறாமலிருக்க அடியில் விளக்குகள். ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன. மில்லே கவனிக்கவில்லை. சிடல் வாயைத் திறக்கவில்லை. கடுமையான ஜலதோஷம் பிடித்துப் படுத்துவிட்டார். அவருடைய அப்பா 50 பவுண்டு கேட்டு மிரட்டினார்; கடைசியில் வைத்தியச் செலவை மில்லே கொடுத்து விவகாரம் முடிந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அந்த அப்பாதான். காசில் குறியான மனிதர் என்றே அவரைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். என் மகள் செய்தது வேலை, வேலையில் அடிபட்டால் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அங்கே தோன்றியது அவர் ஒருவருக்குத்தான். உங்கள் கணவர் கான்வாஸ், வண்ணம், ஃபிரேம் எல்லாவற்றையும் செலவுக் கணக்கில் எழுதுவார் இல்லையா? நீங்கள் உட்கார்ந்த மணிகளை எங்கே எழுதியிருக்கிறார்?

சரி, சிடல் வரைந்ததற்கு வருவோம். 1853-54-ல் தன்னையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சின்ன வட்டப் படம். இணையத்தில் கிடைக்கும், ரொசெட்டி அவரை வரைந்த படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொசெட்டியின் சிடல் பெரும்பாலும் நாற்காலியில் சாய்ந்திருப்பார், இமை தாழ்ந்திருக்கும், ஏதோ கனவில் இருப்பார். சிடலின் சிடல் நேராகப் பார்க்கிறார். கனத்த இமை, இறுகிய வாய், கொஞ்சம் களைப்பு. அழகுபடுத்தும் எண்ணமே இல்லை. ரொசெட்டியின் தங்கை கிறிஸ்டினா கவிஞர். அண்ணனின் ஸ்டூடியோவைப் பார்த்துவிட்டு 1856-ல் ஒரு கவிதை எழுதினார். எல்லாக் கான்வாஸிலும் ஒரே முகம்தான், அதுவும் அவள் இருக்கிறபடி இல்லை, அவன் கனவில் வருகிறபடி என்று. வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு அது தெரிந்திருக்கிறது!

ரொசெட்டியைக் கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. சிடலுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார், பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் படங்களைப் பெருமையாகக் காட்டினார். அந்தக் காலத்தின் பெரிய விமர்சகர் ஜான் ரஸ்கின், வருஷத்துக்கு 150 பவுண்டு வரை உன் படங்களை வாங்கிக்கொள்கிறேன் என்று 1855-ல் சிடலிடம் ஒப்பந்தம் போட்டார். ஒரு குமாஸ்தா குடும்பம் நடத்தக்கூடிய தொகை அது. 1857-ல் லண்டனில் நடந்த ப்ரீ-ரஃபேலைட் கண்காட்சியில் படம் வைத்த ஒரே பெண் சிடல். பிறகு அமெரிக்காவுக்குப் போன கண்காட்சியில் ஒரு படம் விற்றது. அதே வருஷம் ஷெஃபீல்டு ஓவியப் பள்ளிக்குப் போய்க் கொஞ்சகாலம் படித்தும் பார்த்தார்.

ஆனால் சொல்லிக்கொடுப்பவர், காதலர், படத்தைக் காட்டுபவர், வாங்க ஆள் பிடித்துத் தருபவர் எல்லாம் ஒரே மனிதர், ரொசெட்டி. அவரும் கல்யாணத்தை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டார். அவரோடு மனஸ்தாபம் வந்தால் வாத்தியாரும் போச்சு, வாங்குகிறவரும் போச்சு. 1860-ல்தான் கல்யாணம் நடந்தது, 1861-ல் குழந்தை இறந்தே பிறந்தது, 1862 பிப்ரவரியில் லாடனம் என்ற அபின் மருந்து அதிகமாகிச் சிடல் இறந்துபோனார். 32 வயது. அப்புறம் ரொசெட்டி, சிடல் வரைந்ததையெல்லாம் தேடிச் சேகரித்துப் போட்டோ எடுத்து வைத்தார். உங்கள் கணவரும் நல்ல மனிதர்தான் என்கிறீர்கள், நம்புகிறேன். அதனால்தான் இந்தப் போட்டோ விஷயத்தை அவரிடமும் சொல்லுங்கள் என்கிறேன்.

இதற்கு நேரெதிராக ஒருவர் உண்டு, மேரி ஸ்பார்டலி. லண்டனில் இருந்த கிரேக்க வியாபாரியின் மகள். ரொசெட்டிக்கும் மாடலாக உட்கார்ந்தார், புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கும் நின்றார். ஆனால் ஓவியம் கற்றது இன்னொருவரிடம், ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனிடம். 1867-லிருந்து தன் பெயரில் படம் வைக்கத் தொடங்கிவிட்டார். 1871-ல் வீட்டார் எதிர்ப்பை மீறி வில்லியம் ஸ்டில்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை மணந்தார். முதல் தாரத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பிறகு சொந்தப் பிள்ளைகள். கணவர் வேலைக்காக ஃபிளாரன்ஸ், ரோம் என்று ஊர் ஊராக மாறினார்கள். அங்கிருந்தெல்லாம் லண்டனுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1885-ல் வரைந்த ஒன்றைப் பாருங்கள்: ஜன்னலோரம் ஒரு பெண், கையில் கடிதம் கொண்டுவந்த புறா, பக்கத்தில் பாதியில் விட்ட எம்பிராய்டரி. நீர்வண்ணத்தை அவர் பூசும் கனத்தில் எண்ணெய் வண்ணம் என்றே நினைத்துவிடுவீர்கள். அறுபது வருஷம் வரைந்தார், நூறு படங்களுக்கு மேல். வாத்தியார் ஓரிடம், கேலரி ஓரிடம், கணவர் ஓரிடம். ஒன்று ஆடினாலும் மற்றது நின்றது.

வீட்டுக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் போதாதா என்று உங்கள் கணவர் மறுபடி கேட்டால், எவெலின் டி மார்கன் கதையைச் சொல்லுங்கள். ஸ்லேடு ஓவியப் பள்ளியில் படித்துப் பரிசு வாங்கியவர். 1887-ல் வில்லியம் டி மார்கனை மணந்தார். அவர் ஓடுகளும் மண்பாண்டங்களும் செய்கிற கலைஞர்; கைத்திறன் அபாரம், வியாபாரம் சுமார். அந்தப் பட்டறை ஓடியதில் எவெலின் படம் விற்ற காசுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு ஆர்ட்டிஸ்ட் இருந்ததால்தான் அந்த வீடு பிழைத்தது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன கேமரூன் கல்கத்தாவில் பிறந்தவர், ஆறு குழந்தைகள் பெற்றவர். மகளும் மருமகனும் கேமரா வாங்கிக் கொடுத்தபோது அவருக்கு 48. அதன்பிறகு எடுத்த படங்களுக்காகத்தான் இன்றைக்கு அவர் பெயர் நிற்கிறது. கடைசியில் இலங்கை மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். உங்களுக்கு 38தான்.

இனி என் யோசனை. உட்காருவதை நிறுத்த வேண்டாம், பிடித்திருந்தால் உட்காருங்கள். ஆனால் நீங்கள் அவருக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், அவர் இரண்டு மணி நேரம் குழந்தைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளாமல். அவர் படம் விற்றால் மாடலுக்கு ஒரு தொகை உங்கள் வங்கிக் கணக்கில் விழட்டும். சின்னத் தொகையானாலும் பரவாயில்லை, அதிலிருந்து உங்கள் வண்ணங்களை வாங்குங்கள்.

முதல் படத்துக்குப் பெரிய கான்வாஸ் வேண்டாம். கண்ணாடியை மேஜையில் நிறுத்தி உங்கள் முகத்தையே வரையுங்கள். அவர் வரைந்த உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அது உங்கள் கையிலும் வரும். முதல் இரண்டு மூன்று படங்கள் அப்படித்தான் அமையும், கிழித்துப் போடாமல் வையுங்கள்.

முடித்ததை முதலில் அவரிடம் காட்டாதீர்கள். இதைக் கேட்டு அவர் வருத்தப்படலாம், பரவாயில்லை. உங்களுடன் படித்த பெண்களில் யாராவது இன்னும் வரைந்துகொண்டிருப்பார்கள், அவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். அடுத்த குழுக் கண்காட்சிக்கு விண்ணப்பம் நீங்களே நிரப்புங்கள். தொடர்புக்கு என்ற இடத்தில் அவர் நம்பரைப் போடாமல் உங்கள் நம்பரைப் போடுங்கள். விலையையும் நீங்களே சொல்லுங்கள்.