நீங்க கேட்டது: பைபிள்ல இருக்கிறது நடந்ததா, கதையா?

கேள்வி: ஐயா, ஹாஸ்டல்ல என்கூட இருக்கிற பசங்க, இயேசு செத்து முந்நூறு வருஷம் கழிச்சு கான்ஸ்டன்டைன் ராஜா ஆள் வச்சு எழுதினது தான் புதிய ஏற்பாடுன்னு சொல்லி சிரிக்கிறானுங்க. சண்டே ஸ்கூல்ல படிச்சத தவிர பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. (கெம்பஸ் மாணவர், பண்டாரவளை)

பதில்: தம்பி, அந்த முந்நூறு வருஷக் கதைய முதல்ல தூக்கி ஓரமா வைங்க. கான்ஸ்டன்டைன் ஆட்சிக்கு வந்தது 306ல. இங்கிலாந்து மான்செஸ்டர்ல ஒரு லைப்ரரில கைக்குள்ள அடங்குற பாப்பிரஸ் துண்டு ஒண்ணு இருக்கு, யோவான் 18ஆம் அதிகாரம், பிலாத்து இயேசுவ விசாரிக்கிற இடம், அத ரெண்டாம் நூற்றாண்டுன்னு தான் நிறைய பேர் சொல்றாங்க, கொஞ்சம் பிந்தி போடுறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்களும் கான்ஸ்டன்டைன் வரைக்கும் கொண்டு போறதில்ல. 325ல நிசேயால பிஷப்மார் கூடினது கூட இயேசு பிதாவுக்கு சமமில்லன்னு சொன்ன ஆரியுஸ்ங்கற குரு கிளப்பிவிட்ட சண்டைய தீர்க்கத்தான், எந்த புத்தகத்த சேர்க்கணும்னு ஓட்டு போட இல்ல.

பிரசங்கத்துல எல்லாரும் பிலாத்து கல்ல பத்தி தான் பேசுவாங்க. 1961ல செசரியால கிடைச்சது, பிலாத்து பேரும் அவன் யூதேயாவுக்கு அதிகாரிங்கறதும் லத்தீன்ல வெட்டியிருக்கு, நல்ல சாட்சி தான். ஆனா அது கிடைக்கிற வரைக்கும் பிலாத்துன்னு ஒரு ஆளே இல்லன்னு உலகம் சொல்லிட்டு இருந்துச்சுன்னு சில பேர் அடிச்சு விடுறாங்க பாருங்க, அது சும்மா, அந்த நூற்றாண்டு யூத எழுத்தாளர்கள் யோசேப்பஸ் எழுதியிருக்கார், பிலோ எழுதியிருக்கார், ரோமன் எழுத்தாளர் தாசித்துஸ் கூட திபேரியு காலத்துல பிலாத்து கையால தான் கிறிஸ்து தண்டிக்கப்பட்டார்னு 116 வாக்குல எழுதி வச்சிருக்கார், அவருக்கு கிறிஸ்தவங்கள கண்டாலே ஆகாது.

எனக்கு அதவிட பெருசா தெரியறது இன்னொரு கல்லு. அப்போஸ்தலர் 18ல பவுல் கொரிந்துல ஒன்றரை வருஷம் இருந்தார், அங்க அவர கல்லியோன்ங்கற அதிபதி முன்னாடி இழுத்துட்டு போனாங்கன்னு இருக்கும். கிரேக்க நாட்டு டெல்பில கிடைச்ச கல்வெட்டுத் துண்டுகள்ல ரோம ராஜா கிலவுதியு ராயனோட கடிதம் இருக்கு, அதுல இந்த கல்லியோன் பேர் வருது, அத வச்சு அவர் பதவில இருந்தது 51, 52 வாக்குலன்னு கணக்கு போட முடியுது. அப்ப பவுல் கொரிந்துல இருந்த காலம் தெரிஞ்சிருச்சு, அங்கிருந்து போன பிறகு அந்த சபைக்கே முதல் கடிதம் எழுதுறார், கி.பி. 55 வாக்குலன்னு வச்சுக்கோங்க, இயேசு சிலுவையில மரிச்சது 30 இல்ல 33, ஆக இடையில இருபது இருபத்தஞ்சு வருஷம் தான். அந்த கடிதத்தோட 15ஆம் அதிகாரத்துல, உயிர்த்தெழுந்தவர பார்த்தவங்க லிஸ்ட் இருக்கு, கேபா, அதாவது பேதுரு, பன்னிருவர், யாக்கோபு, அப்புறம் ஒரே நேரத்துல ஐந்நூறு பேருக்கு மேல, அதுல அநேகர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னும் எழுதுறார். சந்தேகம்னா போய் கேட்டுக்கோங்கன்னு சொல்ற தைரியம் அது. அந்த லிஸ்ட்ட அவரா எழுதல, எனக்கு ஒப்புவிக்கப்பட்டதத்தான் உங்களுக்கு ஒப்புவிச்சேன்னு சொல்றார், அதனால அது இன்னும் பழசு.

இத வச்சு உயிர்த்தெழுதல் நிரூபணமாச்சுன்னு போய் கத்தாதீங்க. அவங்க ஏதோ காட்சி கண்டு நம்பிட்டாங்கன்னு உங்க ரூம்மேட் சொல்லலாம், சொல்லட்டும், அது பேச வேண்டிய விஷயம். முந்நூறு வருஷம் கழிச்சு யாரோ கட்டின கதைன்னு மட்டும் இனி சொல்ல முடியாது.

அவனுங்க கொஞ்சம் படிச்சவனுங்களா இருந்தா சிரேனியுவ தூக்கிட்டு வருவானுங்க. லூக்கா 2ல சீரியா நாட்டு அதிபதி சிரேனியு காலத்து குடிமதிப்புல இயேசு பிறந்தார்னு இருக்கு, மத்தேயு ஏரோது காலம்ங்கறார், ஏரோது செத்தது கி.மு. 4னு தான் பொதுவா சொல்றது, யோசேப்பஸ் சொல்ற சிரேனியு குடிமதிப்போ கி.பி. 6. பத்து வருஷ இடைவெளி. விளக்கம் நாலஞ்சு இருக்கு, எல்லாரும் ஒத்துக்கிட்ட விளக்கம் இன்னும் வரல, அத அப்படியே ஒத்துக்கிட்டு பேசுங்க, மழுப்பினா மிச்சத்தையும் நம்ப மாட்டானுங்க.

கேள்வி: செங்கடல் அடியில பார்வோனோட ரதச் சக்கரம் கிடைச்சிருச்சுன்னு வீடியோ வந்துச்சு. எங்க தோட்டத்து குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். உண்மையா ஐயா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: இல்லம்மா. பல வருஷமா சுத்துற கதை, அந்த சக்கரத்த எடுத்துட்டு வந்து ஒழுங்கா பரிசோதிச்சு காட்டினவங்க யாருமில்ல, பைபிள எழுத்துக்கு எழுத்து நம்புற ஆராய்ச்சிக்காரங்களே அத ஏத்துக்கல. குரூப்ல "அது சரியில்லையாம்"னு ஒரு வரி போட்டு விடுங்க. யாத்திராகமத்துக்கு நேரடியா ஒரு எகிப்து கல்வெட்டு இதுவரைக்கும் கிடைக்கல. எகிப்து ராஜா மெர்னெப்தாவோட கல்லுல, கி.மு. 1208 வாக்குல, கானான் பக்கம் இஸ்ரவேல்னு ஒரு ஜனம் இருந்தது மட்டும் தெரியுது. நல்லதா ஏதாவது அனுப்பணும்னா யூதா ராஜா எசேக்கியா வெட்டின தண்ணி சுரங்கத்த அனுப்புங்க, எருசலேம்ல இன்னைக்கும் அதுக்குள்ள தண்ணில நடந்து போகலாம், 533 மீட்டர், ரெண்டு பக்கமிருந்தும் வெட்டிட்டு வந்து நடுவுல சந்திச்சாங்கன்னு உள்ளேயே எழுதி வச்சிருந்தாங்க, 2 இராஜாக்கள் 20லயும் அந்த வாய்க்கால் வருது.

கேள்வி: கல்லறையில ஒரு தூதனா ரெண்டு தூதனா? நாலு பேரும் நாலு விதமா எழுதியிருக்காங்களே. (வாசகர், கொட்டகலை)

பதில்: மத்தேயுல ஒரு தூதன், மாற்குல ஒரு வாலிபன், லூக்காவுலயும் யோவான்லயும் ரெண்டு. உங்க லயத்துல வயசானவங்க இருந்தா 73, 74 பஞ்சத்த பத்தி கேட்டுப் பாருங்க. ஒரு பாட்டி மரவள்ளிக்கிழங்குன்னு சொல்லும், இன்னொண்ணு பாணுக்கு விடியக்காலையில கியூல நின்னத சொல்லும், வருஷத்த மாத்தி சொல்லும், யார் முதல்ல செத்தாங்கங்கறதுல சண்டையே வரும். பஞ்சம் வரலன்னு ஒருத்தர் வாயிலயும் வராது. நாலு பேரும் வரிக்கு வரி ஒரே மாதிரி சொன்னா தான் எனக்கு சந்தேகம் வரும். நாலு சுவிசேஷத்துலயும் கல்லறைக்கு முதல்ல போனது பெண்கள் தான், யோவான்ல மகதலேனா மரியாள் பேர் மட்டும் வருது, மத்த மூணுலயும் அவ இருக்கா. பெண்ணோட சாட்சிய அவ்வளவா மதிக்காத காலம் அது, கதை கட்டுறவன் பேதுருவத்தான் முதல்ல அனுப்பியிருப்பான்.

கேள்வி: எங்க மாமியார் மாரியம்மன் கோயிலுக்கு போறவங்க. பைபிள் சரித்திரம் உண்மைன்னு நிரூபிச்சாச்சு, நீங்க ஏன் நம்ப மாட்டேங்கறீங்கன்னு நான் கேட்டா கோவிச்சுக்கறாங்க. (வாசகி, தலவாக்கலை)

பதில்: கோவம் வராம என்ன செய்யும்? பிலாத்து இருந்தான்னு கல்லு சொல்லும், இயேசு ஆண்டவர்னு கல்லு சொல்லாதும்மா. கிறிஸ்து எழுந்திருக்கலன்னா எங்க பிரசங்கமும் வீண், உங்க விசுவாசமும் வீண்னு பவுலே எழுதியிருக்கார், அதனால சரித்திரம் முக்கியம் தான், நான் இல்லங்கல. ஆனா அத கையில எடுத்துக்கிட்டு வீட்டுப் பெரியவங்கள வாயடைக்க வைக்கிறது வேற. திருவிழா நேரத்துல இந்த பேச்சே எடுக்காதீங்க. அவங்களா கேட்டா லூக்காவ குடுங்க, கேட்கலன்னா விடுங்க, கண்ணு சரியா தெரியாதுன்னா பெரிய எழுத்துல அச்சடிச்சதா பார்த்து வாங்குங்க.