ஸ்கூல் பக்கத்துல வீடு வாங்கணும், சரி… அடகுல இருக்குற நகை எப்ப வீட்டுக்கு வரும்?

கேள்வி:

நாங்க தக்கலை பக்கம் குடும்ப வீட்டுல இருக்கோம் சார், 8 சென்ட், இன்னும் பாகம் வைக்கல. வீட்டுக்காரருக்கு 41 வயசு, கத்தார்ல வேலை, மாசம் 72,000 அனுப்புவாரு. நான் ஒரு லேப்ல வேலை பாக்கேன், 15,000. மக 6-க்கு போறா, மகன் 3-க்கு போறான். இப்ப படிக்கிற மெட்ரிக் ஸ்கூல்ல ரெண்டு பேருக்கும் சேத்து வருஷம் 95,000. நாகர்கோவில்ல நாத்தனார் வீட்டுப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல் இருக்கு, ரெண்டு பேருக்கும் 2,20,000 ஆகும். அங்க நடந்து போற தூரத்துல 4 சென்ட்ல ஒரு வீடு 60 லட்சத்துக்கு வருது. நாத்தனார் மக அமெரிக்காவுல ஸ்கூல் பாத்துதான் வீடு வாங்கினாளாம், நீங்களும் அப்படி வாங்குங்கன்னு சொல்லுதாங்க. மகளுக்கு டாக்டருக்கு படிக்கணும்னு ஆசை. கையில எஃப்டி 3 லட்சம், சிட்டி, அதாவது சீட்டு, 4 லட்சம் (இன்னும் 7 மாசம் கட்டணும்). 12 பவுன் ஏற்கனவே அடகுல இருக்கு, கொழுந்தன் கடைக்கு 3 வருஷம் முன்ன 3 லட்சத்துக்கு வச்சது, பிறகு ஜூன் மாசம் ஃபீஸுக்கு மாத்தி மாத்தி வச்சு இப்ப 6,20,000, அதுல மகளோட வளையலும் இருக்கு. பேங்க்ல 4 லட்சம், தனியார் ஃபைனான்ஸ்ல நூத்துக்கு ஒன்றரை வட்டிக்கு 2,20,000. மீதி 10 பவுன வச்சு 6 லட்சம் எடுத்து, நாத்தனார் வீட்டுக்காரர்கிட்ட 4.5 லட்சம் கைமாத்து வாங்கி, மிச்சம் லோன் போடலாம்னு இருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை 1 லட்சம் அட்வான்ஸ். குடுக்கலாமா?

பதில்:

தங்கச்சி, ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் குடுக்க வேண்டாம். இத முதல்லயே சொல்லிட்டு பிறகு காரணத்துக்கு வாறேன், ஏன்னா நீங்க இத படிச்சு முடிக்கிறதுக்குள்ளயே புரோக்கர் போன் பண்ணி "வேற பார்ட்டி வந்து நிக்காங்க"ன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. வந்தா வந்துட்டு போகட்டும்.

வில்லங்கம் பாக்குறது, மூலப்பத்திரம் பாக்குறது, பேங்க்ல வக்கீல் ஒப்பீனியன் வாங்குறது எல்லாம் உங்களுக்கு தெரியாம இருக்காது, அத விட்டுருவோம். உங்க கடிதத்துல எனக்கு மனசுல நின்னது வீடும் இல்ல ஸ்கூலும் இல்ல, அந்த "மாத்தி மாத்தி வச்சு"ங்குற வார்த்தைதான். 3 லட்சமா போன நகை 3 வருஷத்துல 6,20,000 ஆகியிருக்கு, அதுவும் நகை ஒண்ணும் பெருசா கூடல, தங்கம் விலை ஏறினதால ஒவ்வொரு ஜூன்லயும் அதே நகைக்கு கூட பணம் கிடைச்சிருக்கு, நீங்களும் வாங்கியிருக்கீங்க. நம்ம ஊர்ல பாதி வீட்டுல நடக்குறது இதுதான். விலை ஏறினா நமக்கு லாபம்னு நினைக்கோம், ஆனா ஏறின விலை அப்படியே கடனா மாறி மறுபடியும் அடகுக்கடை லாக்கருக்குள்ளயே போயிருது. நகை நம்மகிட்ட இருக்குற மாதிரி தோணும், உண்மையில அது நம்ம வீட்டுல ஒரு நாள் கூட இருந்திருக்காது.

வட்டிய பாருங்க. பேங்க்ல 4 லட்சத்துக்கு ஒம்பதரை சதவீதம்னு வச்சாலும் வருஷம் 38,000. தனியார்ல நூத்துக்கு ஒன்றரைன்னா வருஷத்துக்கு 18 சதவீதம், 2,20,000-க்கு கிட்டத்தட்ட 40,000. ரெண்டும் சேத்தா 78,000. உங்க ரெண்டு பிள்ளைங்களோட ஃபீஸ் 95,000, அந்த ஃபீஸ் கட்டுறதுக்காக வச்ச நகைக்கும் கொழுந்தனுக்காக வச்ச நகைக்கும் வட்டி மட்டும் 78,000! இன்னும் ரெண்டு வருஷம் இதே மாதிரி போனா வட்டி ஃபீஸ தாண்டிரும்.

இதுல கொழுந்தன் விஷயம் தனியா சொல்லணும். 3 லட்சம் போன பிறகும் மாசம் ஒரு 8,000 "அப்பப்ப" போகுதுன்னு கடிதத்தோட தனியா அனுப்பின செலவு கணக்குல எழுதியிருக்கீங்க. தம்பி கஷ்டப்படும்போது அண்ணன் பாக்கணும், அத நான் தப்பு சொல்லல, ஆனா வருஷம் 96,000 போகுது, அது உங்க பிள்ளைங்க ஃபீஸ விட கூட. வீட்டுக்காரர் லீவுல வரும்போது தம்பிய உக்கார வச்சு, 3 லட்சத்த மாசம் எவ்வளவுன்னு ஒரு தொகை சொல்லி வாங்கணும், 5,000 ஆனாலும் சரி, பேங்க் வழியா வரணும். நீங்க கேக்க வேண்டாம், அண்ணன் கேக்கட்டும். மருமகளா நீங்க கேட்டா அது வேற பேச்சா மாறிரும்.

இப்ப வீட்டுக் கணக்கு. 60 லட்ச ரூபா வீட்டுக்கு பேங்க் 80 சதவீதம் வரைக்கும்தான் குடுக்கும், அதாவது 48 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேந்து 5,40,000, இத பேங்க் வீட்டு விலையில சேக்காது, உங்க கையில இருந்துதான் போகணும். ஆக 12 லட்சமும் 5.4 லட்சமும் 17.4 லட்சம் கைக்காசு. நீங்க போட்ட திட்டத்துல இந்த 17.4-ல 10 லட்சத்துக்கு மேல கடன், அதாவது கடன் வாங்குறதுக்கு முன்பணமே கடன்தான். (விக்கிறவங்க பத்திரத்துல விலைய கொறச்சு எழுதுவோம்னு கேட்டா சம்மதிக்காதீங்க, லோனும் கொறையும், நாளைக்கு நீங்க விக்கும்போது வரியும் உங்க தலையில வரும்.)

48 லட்சம், 8.5 சதவீதம், உங்க வீட்டுக்காரருக்கு 60 வயசு வரைக்கும் 19 வருஷம்னு போட்டா ஈஎம்ஐ சுமார் 42,500. பழைய நகை வட்டி மாசம் 6,500, புதுசா வைக்கிற 6 லட்சத்துக்கு 4,750, புது ஸ்கூல் ஃபீஸ மாசத்துக்கு பிரிச்சா 18,300. எல்லாம் சேத்தா 72,000. வருமானம் 87,000. மிச்சம் 15,000-ல நீங்க வீட்டுச் செலவுக்கு எழுதின 28,000 எப்படி வரும், மாமியார் மருந்து 5,000 எப்படி வரும், சிட்டி 10,000, கைமாத்து 4.5 லட்சம் எப்ப திருப்புவீங்க? வராது. அப்ப என்ன நடக்கும், அடுத்த ஜூன்ல வைக்க நகையும் இருக்காது, பிறகு பெர்சனல் லோன், அப்புறம் மைக்ரோ ஃபைனான்ஸ், இந்த ரோடு எங்க போகும்னு நான் பாத்திருக்கேன், அதனாலதான் பயந்து சொல்லுதேன்.

இன்னொண்ணு யோசிச்சு பாருங்க. மகன் 12 முடிக்க இன்னும் 10 வருஷம், மக முடிக்க 7 வருஷம். ஸ்கூல் பக்கத்துல இருக்க வேண்டியது 10 வருஷம், அதுக்கு எடுக்குற கடன் 19 வருஷம். 10 வருஷம் ஒழுங்கா கட்டினாலும் 51 லட்சம் கட்டியிருப்பீங்க, ஆனா பாக்கி இன்னும் 32 லட்சம் நிக்கும். அதுவும் எப்ப, ரெண்டு பிள்ளைங்களும் காலேஜ்ல இருக்கும்போது, வீட்டுக்காரருக்கு 51 வயசு ஆகும்போது. வளைகுடா வேலை அதுவரைக்கும் அப்படியே இருக்கும்னு யாரால சொல்ல முடியும், 2020-ல எத்தனை பேரு ஒரே பெட்டியோட திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல வந்து இறங்கினாங்கன்னு நம்ம மாவட்டத்துக்கு சொல்லித் தரணுமா.

நாத்தனார் மக செஞ்சது அவங்க ஊருக்கு சரி. அமெரிக்காவுல நீங்க குடியிருக்குற அட்ரஸ வச்சுதான் அரசுப் பள்ளி எதுன்னு பெரும்பாலும் முடிவாகும், அந்த ஏரியா வீட்டு வரியில இருந்து பள்ளிக்கு பெரிய பங்கு பணம் போகுது, அதனால நல்ல பள்ளி இருக்குற இடத்துல வீட்டு விலையும் கூட. நம்ம ஊர்ல அப்படி இல்லையே. தனியார் ஸ்கூல் உங்க பட்டாவ பாத்து சீட்டு தரப்போறதில்ல. வீட்டு தூரத்த கணக்குல எடுக்குறது ஆர்டிஇங்குற கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துக்குத்தான், அதுக்கு 1 கிலோமீட்டர்னு வச்சிருக்காங்க, ஆனா அது எல்கேஜி இல்லன்னா 1-ம் வகுப்பு சேக்கும்போது மட்டும், அதுவும் சிறுபான்மை நிர்வாக பள்ளிகளுக்கு 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு பிறகு கிடையாது. உங்க பிள்ளைங்க அந்த வயச தாண்டியாச்சு. நாகர்கோவில் ஸ்கூல்தான் வேணும்னா வேனும் பஸ்ஸும் இருக்கு, பஸ் அலைச்சல் பிள்ளைக்கு தாங்காதுன்னா வாடகைக்கு போங்க. அதே ஏரியாவுல வாடகை எவ்வளவுன்னு விசாரிங்க, 11,000-னு வச்சு வருஷம் 5 சதவீதம் கூட்டினாலும் 10 வருஷத்துக்கு 17 லட்சத்துக்குள்ள வரும், ஸ்கூல் சரியில்லன்னா மாறிக்கலாம். சொந்த வீட்ட அப்படி தூக்கிட்டு மாற முடியாது.

இந்த மாவட்டத்துல பள்ளிக்கூடத்துக்கு பஞ்சமே கிடையாது தங்கச்சி. நாகர்கோவில்ல 1819-லயே பெண்பிள்ளைங்களுக்குன்னு பள்ளி ஆரம்பிச்சிருக்காங்க, 2011 சென்சஸ்ல 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே எழுத்தறிவுல முதல் மாவட்டம் நாமதான். நல்ல டீச்சர் இருக்குற பள்ளி தக்கலையிலயும் இருக்கு, திங்கள்சந்தையிலயும் இருக்கு.

மகளுக்கு டாக்டர் ஆசைன்னு எழுதினீங்கல்லா, இந்த வருஷம் நீங்க எடுக்க வேண்டிய பெரிய முடிவு வீடு இல்ல, இதுதான். 6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பிள்ளைங்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல இருந்து இருக்கு, 2021-ல இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கும் வந்துச்சு, அதுல வர்ற பிள்ளைங்களுக்கு ஃபீஸ அரசே கட்டுது. அரசு உதவி பெறும் பள்ளி இதுல சேராது, நம்ம ஊர்ல அந்த மாதிரி பள்ளி நிறைய, அதனால பலர் குழம்பிருதாங்க. உங்க மக இப்பதான் 6-க்கு போறா. 9-ல மாத்திக்கலாம்னு நினைச்சா அந்த கதவு மூடிரும். அரசுப் பள்ளியில படிச்சா காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும். நீங்க கட்டாயம் அரசுப் பள்ளியிலதான் சேக்கணும்னு நான் சொல்லல, நீட்டு எழுதணும், நல்லா படிக்கணும், அது பிள்ளையோட உழைப்பு. ஆனா 60 லட்சத்துக்கு வீடு பாக்க நேரம் இருக்குற உங்களுக்கு தக்கலை அரசுப் பள்ளியிலயோ கோட்டாறு கவிமணி பள்ளியிலயோ ஒரு நாள் போய் ஹெட்மிஸ்ட்ரஸ பாத்து, இங்கிலீஷ் மீடியம் இருக்கா, சயின்ஸுக்கு டீச்சர் இருக்காங்களான்னு கேக்க நேரம் இருக்கணும். மகளையும் கூட்டிட்டு போங்க.

இன்னும் ஒரு யோசனைய சொல்லாம விட மனசு வரல, ஏன்னா வீட்டு லோன்னு பேச்செடுத்தாலே இப்ப யாராவது ரீல்ஸ் அனுப்பிருதாங்க. 30 வருஷ லோன் எடு, கூடவே எஸ்ஐபி, அதாவது மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்டுல பணம் போடு, வட்டி எல்லாம் திரும்ப வந்துரும், வீடு ஃப்ரீன்னு. அந்த கணக்குக்கு வருஷா வருஷம் 12 சதவீதம் வரணும், நடுவுல ஒரு மாசம் கூட நிறுத்தக் கூடாது. ஜூன் மாசம் வந்தா நகைய தூக்கிட்டு போற வீட்டுல எஸ்ஐபி ரெண்டாவது ஜூன தாண்டாது. எஸ்ஐபி நல்லதுதான், கடன் இல்லாத கைக்கு நல்லது.

என்ன செய்யணும்னா, முதல்ல அந்த 3 லட்சம் எஃப்டிய உடைங்க. 7 சதவீதம் வட்டி வர்ற பணத்த பத்திரமா வச்சுகிட்டு 18 சதவீதம் வட்டி கட்டுறது எந்த கணக்குலயும் சேராது. தனியார்ல இருக்குற 2,20,000-த்த முழுசா திருப்புங்க, மீதி 80,000 ஆஸ்பத்திரி அவசரத்துக்கு சேவிங்ஸ்ல கிடக்கட்டும். அடுத்தது, இந்த மாசமே மாசம் 8,000-க்கு ஒரு வருஷ ஆர்டி (மாசா மாசம் கட்டுற சேமிப்பு) ஒண்ணு பேங்க்ல போடுங்க, அடுத்த ஜூன்ல 95,000 ஃபீஸ் அதுல இருந்து போகும். அடகுக்கடை பக்கம் போகாத முதல் ஜூன் அதுவா இருக்கும். 7 மாசத்துல சிட்டி விழுந்ததும் 4 லட்சத்தையும் நேரா பேங்க்ல குடுத்து மீதி நகைய எடுத்துருங்க, நடுவுல யாரு கேட்டாலும் "சிட்டி இன்னும் வரல"ன்னு சொல்ல வேண்டாம், "நகைய திருப்பப் போறேன்"னு தெளிவா சொல்லுங்க.

அதுக்கு பிறகு வட்டி 6,500, சிட்டி 10,000, கொழுந்தனுக்கு போறத நிறுத்தினா அந்த 8,000, ஆக மாசம் 24,500 உங்க கையில நிக்கும். 3 வருஷம் சேத்தா கிட்டத்தட்ட 9 லட்சம், 22 பவுனும் வீட்டுல. அப்ப வீடு பாருங்க, நானே கூட இருந்து கணக்கு போட்டுத் தாறேன். அதுக்கு முன்னாடி அந்த 8 சென்ட பாகம் வைங்க. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினை பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம்தான், அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, வெளிய வாங்கினா முத்திரைத்தாள் மட்டும் 7 சதவீதம். உங்க பங்குக்கு வர்ற இடத்துலயே வீடு கட்டினா இந்த 60 லட்சத்துல மண்ணுக்கு போற பங்க குடுக்க வேண்டி வராது. வெளியதான் வாங்குவேன்னா ரெண்டு மழையும் பெய்யுற மாவட்டம் இது, வயல நிரப்பி போட்ட மனையா இருந்தா ஐப்பசி மழையில ஒரு தடவ போய் நின்னு பாத்துட்டு வாங்குங்க.

நாத்தனார் மேல வருத்தம் வேண்டாம், அவங்க பாசத்துலதான் சொல்லுதாங்க, கைமாத்து தாறேன்னு வர்ற மனசு எல்லாருக்கும் வராது. இந்த கணக்க அவங்ககிட்டயும் காட்டுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு சும்மா போய் சாப்பிட்டுட்டு வாங்க, திங்கக்கிழமை காலையில பேங்க்ல எஃப்டிய குளோஸ் பண்ணிட்டு நேரா அந்த ஃபைனான்ஸுக்கு போங்க. மகளோட வளையல் அங்கதான் இருக்குன்னா சாயங்காலம் அவ ஸ்கூல் விட்டு வரும்போது கையில போட்டு விடுங்க.